மண்வாசனை கேட்ட மூவர்

இரண்டாயிரத்து மூன்றில் டிசைன் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த திருவொற்றியூர் யசோதராவுக்கு ஒரே ஆசைதான்: விளம்பரக் கம்பெனியில் வேலை. அதைக் கொடுக்கவல்ல மகானுபாவர்கள் மூன்று பேர், மாணவர்கள் வரைந்ததைப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கல்லூரிக்கே எழுந்தருளினார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் வருகிற சனம் இறங்கும் ஸ்டேஷன் தெரியாமல் திண்டாடுகிறதே என்று யசோதரா மாசக்கணக்கில் உட்கார்ந்து புதுப் பெயர்ப்பலகைகள் வரைந்திருந்தாள். மூவரும் அதை ஓட்டல் மெனு கார்டு மாதிரி புரட்டினார்கள்.

"நீட்டா இருக்கும்மா. ஆனா இதுல நீ எங்கே இருக்கே?" என்று கேட்டார் குறுந்தாடி வைத்தவர். அவள் திருவொற்றியூர்ப் பலகையைக் காட்டினாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வடசென்னைப் பெண்ணிடம் மீன் எங்கே, வியர்வை எங்கே, மண்வாசனை எங்கே என்று மூவரும் மாறி மாறி அங்கலாய்த்தார்கள். ராயபுரத்தைத் தாண்டி வந்தறியாதவர்களுக்கு அந்த மண்ணின் வாசனை எவ்வளவு அத்துப்படி! உண்மையான வாழ்க்கையைக் கொண்டுவந்தால் வேலை நிச்சயம், அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏ.சி. காரில் ஏறிப் போனார்கள்.

உண்மையான வாழ்க்கைக்கு யசோதரா எங்கே போவாள்? அவள் அம்மா ரமாபாய் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். தன் அம்மா சுமந்த மீன் கூடை தன் தலைக்கு ஏறக் கூடாது என்று வைராக்கியமாக டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். கஞ்சி போட்ட காட்டன் புடவை இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். மகளுக்காக அவளும் இறங்கிவந்தாள். காசிமேட்டில் மீன் விற்கும் ஞானசெல்வியிடம் கூடையை இரவல் வாங்கி, தலையைக் கலைத்துக்கொண்டு, மகளின் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

"நானே தலைய வாரிகினுதான்க்கா யாவாரத்துக்கு வருவேன்" என்று ஞானசெல்வி சிரித்தாள்.

மறுவாரம் அந்தப் போட்டோக்களைப் பார்த்த குறுந்தாடிக்குப் புல்லரித்துவிட்டது. இதுதான் சத்தியம் என்றார். அம்மா எத்தனை வருஷமாக மீன் விற்கிறார் என்று கேட்டார். டைப்பிஸ்ட் என்று சொல்ல யசோதரா வாயெடுத்தாள். ஆனால் வேலை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதே.

"சின்ன வயசுலேர்ந்து சார்" என்றாள். வேலை கிடைத்தது.

சேரவேண்டிய நாளன்று ரமாபாய் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, மகளுக்கு முன்னால் வாசலில் நின்றாள். அந்த சாரை ஒரு தபா பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

யசோதரா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"வேணாம்மா. உன்ன இப்டி பாத்தா வேல பூடும்."