படிக்கட்டின் கீழே ஒரு கறுப்புக் கட்டம்

“போட்டோவக் கவுத்து வைங்க தாயி. மொதல்ல தண்ணியக் குடிங்க. செத்தவுக எங்கயும் போயிர மாட்டாக, மெதுவா எழுதுவம்.”

சங்கிலி தம்ளரை நகர்த்துகிறார். எதிரே இருப்பவர் பாதியாவது குடித்த பிறகுதான் படிவத்தைத் தொடுவார். படம் மேசைமீது கவிழ்ந்தே கிடக்க வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் உறவினர் பெயர்களை விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். விடுபட்ட ஒரு மருமகனின் பெயருக்காக இரண்டு குடும்பங்கள் இந்த மேசைக்கு முன்னாலேயே கைகலந்திருக்கின்றன.

‘கூடல் தூதன்’ நாளிதழின் மதுரை அலுவலகத்தில், படிக்கட்டின் கீழே, அஞ்சலி விளம்பரங்களைப் பெற்றுக்கொள்ளும் இடம் அது. சங்கிலிக்கு ஐம்பத்தெட்டு வயது. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து, ஆரப்பாளையத்தில் இறங்கி நடப்பார். வழியில் அன்றைய இதழை விரித்துக் கடைசிப் பக்கத்தின் அடிவரியை முதலில் படிப்பார். உரிமையாளர் பெயர் அச்சாகும் வரி அது. “நேத்து இருந்த மொதலாளிதான் இன்னைக்கும் இருக்காகளான்னு பாத்துக்கிருவேன்” என்பார். வேடிக்கைக்குச் சொல்வதன்று. இதழ் கைமாறியதை இருமுறை அவர் அந்த வரியிலிருந்துதான் அறிந்தார்.

விடுதலைக்கு முன் வெங்கட்ரமணன் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய இதழ். எழுபதுகளில் அதைக் கருத்தக்கண்ணன் என்னும் ஆலை முதலாளி வாங்கினார். சங்கிலி வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் வழக்கறிஞர் காலமானார். “வக்கீலய்யாவ நான் பாத்ததே இல்ல. அவுக சாவத்தான் பாத்தேன்.” அன்று கருத்தக்கண்ணனே மேசைக்கு வந்து நின்று, முதற்பக்கத்துக்கு ஒரு கறுப்புக் கட்டம், அதாவது கறுப்புக் கோட்டுக்குள் வரும் இரங்கல் அறிவிப்பு, எழுதச் சொன்னார். அடியில் ‘கூடல் தூதன் குடும்பத்தார்’ என்று மட்டும் இருந்தது. பின்னர்ப் பேருந்து நிறுவனம் நடத்திய நல்லகாமன் இதழை வாங்கினார். கருத்தக்கண்ணன் மறைந்தபோது அவரும் அவ்வாறே எழுதச் சொன்னார். விற்றவர் இறந்தால் வாங்கியவர் கட்டம் போடுவது எழுதப்படாத வழக்கமாயிற்று. இரண்டு கட்டங்களையும் எழுதியவர் சங்கிலி.

நல்லகாமனைப் பற்றி அவர் இனிமையாகப் பேசி எவரும் கேட்டதில்லை. பேருந்து முன்பதிவுக்கு இடம் வேண்டுமென்று, முன்கூடத்தில் இருந்த அஞ்சலி மேசையைப் படிக்கட்டின் கீழே தள்ளியவர் அவர்தான். “எந்திரிடான்னாரு, எந்திரிச்சேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனதுதான் மிச்சம்.”

மூன்றாண்டுகளுக்கு முன் நல்லகாமன் இதழைச் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அந்த விற்பனை குறித்து இரு தரப்பாரும் வழக்காடி வருகின்றனர். புதிய உரிமையாளரின் முகத்தை இங்கு எவரும் கண்டதில்லை. மின்னஞ்சல்களே வருகின்றன.

சென்ற மாதம் நல்லகாமன் இறந்தார். நான்காம் நாள் முற்பகலில் அவருடைய மகள் தமிழ்வாணி தந்தையின் படத்துடன் வந்தார். தோழி ஒருத்தியின் நினைவஞ்சலியைக் கொடுப்பதற்காக நானும் அங்கே அமர்ந்திருந்தேன்.

“அண்ணே, மத்த பேப்பர்ல எல்லாம் நாங்களே குடுத்துட்டோம். இதுல நீங்கதானே போடணும்? ‘எனக்குக் கட்டம் போடுவாய்ங்களா’ன்னு அப்பா கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. மூணு நாளாப் பாக்குறேன், வரலயே.”

சங்கிலி பதில் சொல்லுமுன், மேலாளர் ஸ்ரீராம்குமார் படியிறங்கி வந்தார். இளையவர், குரலில் கடுமை இல்லை.

“மன்னிச்சுக்கங்க மேடம். கேஸ் முடியிற வரைக்கும் சார் பேரு நம்ம பேப்பர்ல வரக் கூடாதுன்னு மெயில் வந்துருக்கு.”

“செத்தவுகளுக்குமா மெயிலு?” என்றார் சங்கிலி.

“அண்ணே, நீங்க ரிட்டையராக இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. எழுதுனீங்கன்னா இப்பவே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னால தடுக்க முடியாது.”

தமிழ்வாணி எழுந்தார். தண்ணீரை அவர் தொடவில்லை. துக்க வீட்டிலிருந்து புறப்படுபவரைப் போலச் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினார். படம் மேசைமீதே இருந்தது; முகம் மேலே தெரிந்தது.

சங்கிலி ஒரு படிவத்தை இழுத்தார். முந்தைய இரண்டு கட்டங்களில் இருந்த அதே வாசகத்தை, வேகமின்றி, அதே அளவுக்கு எழுதினார். அடிவரிக்கு வந்ததும் பேனா நின்றது. ‘கூடல் தூதன் குடும்பத்தார்’ என்று எழுத இப்போது தமக்கு உரிமையில்லை என்பதை அவர் அறிவார். அந்த இடத்தில் ‘சங்கிலி, அஞ்சலி மேசை’ என்று எழுதி, முத்திரையைக் குத்தினார்.

“இந்தாங்க தம்பி. அச்சுக்கு அனுப்புறதும் கிழிக்கிறதும் ஒங்க பாடு. நான் எழுதாம விட்டேன்னு ஆயிரக் கூடாது.”

படிவத்தை வாங்கிய ஸ்ரீராம்குமார் படியேறவும் இல்லை. அதைக் கிழிக்கவும் இல்லை.

சங்கிலி நல்லகாமனின் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, தமிழ்வாணி தொடாமல் விட்டுச் சென்ற தம்ளரைத் தம் பக்கம் இழுத்து, அந்தத் தண்ணீரைக் குடித்தார்.