களத்து முத்திரைக் கட்டை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து; கொழுந்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை ஆளாக்கினேன். ஒன்றையும் அடுத்தவர் வாசலில் போய் நிற்க விட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் இருந்த பழைய ரைஸ்மில் இப்போது பூங்கா. மெஷினெல்லாம் எப்போதோ போய்விட்டது. புகைபோக்கி மட்டும் நிற்கிறது. நெல் காய்ந்த சிமெண்டுக் களத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். போன மாதம் என் பேத்தி என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டாம். ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டுத் துப்புச் சொல்வார். தேடிக் கண்டுபிடித்தால் உள்ளே ஒரு நோட்டும் ஒரு முத்திரையும் இருக்கும். அந்த முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு, நம் முத்திரையை அந்த நோட்டில் குத்திவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

"உனுக்குத் தெரியாது ஆயா, இது புது கேமு" என்றாள்.

தெரியும் என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதில் அதே களத்தில் அதே விளையாட்டை ஆடியவள் நான்.

எங்கள் நைனா அப்போது அந்த மில்லில் களத்துக் காவல். அவித்துக் காயவைத்த நெல்லைச் சாயந்திரம் அம்பாரமாகக் குவிப்பார்கள். நைனா குவியலின் மேல் அங்கங்கே ஈரமான உமிச்சாம்பலை அப்பி, எழுத்து வெட்டிய ஒரு மரக்கட்டையை அதில் அழுத்துவார். ஒரு படி நெல்லை யாராவது அள்ளினாலும் குவியல் சரிந்து எழுத்து உடைந்துவிடும். காலையில் முதலாளி வந்து முத்திரை முழுசாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நெல்லில் கை வைப்பார்கள். அத்தனை பேர் வேலை செய்த மில்லில் அந்தக் கட்டையைத் தொடலாம் என்றிருந்தது நைனா ஒருத்தர்தான். இடுப்பில் செருகியபடியே நடப்பார்.

எனக்குப் பெருமை தாங்காது. எழுத்து தெரியாத எனக்கு, கட்டையில் இருப்பது நைனாவின் பெயர் என்பதில் சந்தேகமே இல்லை. வேறு யார் பெயரை ஒரு மனிதர் இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார்?

முதலாளியின் மகள் மெட்ராஸ் கான்வென்டில் படித்தாள். லீவுக்கு வந்தபோது இந்த விளையாட்டைக் கொண்டுவந்தாள். அவள் டப்பாவில் அவள் அப்பாவின் ஆபீஸ் ரப்பர் முத்திரை இருந்தது. முதல் நாளே டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் குத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கட்டைவிரலை மையில் தோய்க்கப் போனேன்.

"சீ, கைநாட்டா? உங்களுக்குன்னு ஒரு முத்திரை இல்லையாடி?"

"எங்களுக்கு இல்லாமயா? உங்களுத விடப் பெருசு" என்றேன்.

மறுநாள் மத்தியானம் நைனா சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் கட்டையை எடுத்தேன். கரிச்சாம்பலைக் குழைத்து அவள் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அழுத்திக் குத்தினேன். அடுத்து ஒளிப்பது என் முறை என்பதால், கட்டையையும் நோட்டையும் பிஸ்கட் டின்னில் வைத்துப் புகைபோக்கி அடியில் இருந்த ஓட்டையில் ஒளித்தேன். சாயந்திரத்துக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்பு. அவள் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நேராக அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

முதலாளி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு களத்து நடுவில் வந்து நின்றார். நெல் துழாவிய பெண்கள் கையை நிறுத்தினார்கள். நைனா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இது டின்னுக்குள்ள எப்படிப் போச்சு?"

நைனா வாய் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். "அது எங்க நைனாவோடது. நான்தான் எடுத்தேன். குடுங்க."

"அம்மாடி, மில்லுக்குப் புது மொதலாளி வந்துட்டா பாருங்கடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை. "இந்த வாண்டு கைக்கே வருதுன்னா எவன் கைக்குத்தான் வராது? நெல்ல அள்ளிட்டுத் திரும்பக் குத்தி வெச்சா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு, உன் பொண்ணு திருடுச்சா, நீ குடுத்தியா?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் குடுத்தேங்க. வெளையாடக் கேட்டுது."

"இல்ல நைனா, நீ கை கழுவப் போவ சொல்ல நான்..."

என் தலைமேல் அவர் கை விழுந்தது. அடி இல்லை. அழுத்திப் பிடித்த பிடியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அன்றைக்கு நாங்கள் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். தெருமுனை வந்த பிறகுதான் கேட்டார்.

"நோட்டுல நல்லா வுழுந்துச்சா?"

"ஒரு எழுத்துகூட அழியல நைனா."

"தண்ணி கொறச்சலா ஊத்திக் கொழச்சா அப்பிடித்தான் வுழும்" என்றார்.

மறுநாளிலிருந்து அவருக்குப் பாய்லரில் வேலை. கொதிக்கிற அடுப்புக்கு உமி தள்ளுவது. அவர் உயர்ந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அவ்வளவு பெரிய மெஷின் அவர் கைக்கு வந்துவிட்டதே! "எங்க நைனாதான் இப்ப மில்லையே ஓட்டுறாரு" என்று தெருப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கண் சிவந்து, இருமிக்கொண்டு உள்ளே படுத்திருந்தவர் அதைக் கேட்டிருப்பார். ஒரு நாளும் திருத்தவில்லை. நெஞ்சு கெட்டுப்போகும்வரை அந்த அடுப்பில்தான் இருந்தார்.

நாற்பது வயதில் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வாரமே மில் வாசலில் போய் நின்று மேலே இருந்த பெயரைப் படித்தேன். சாம்பலில் நான் பார்த்த அதே உருவங்கள். முதலாளியின் அப்பா பெயர். சொல்வதற்கு நைனா அப்போது இல்லை.

திருடினாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கட்டை அவர் இடுப்பிலேயே இருந்திருக்கும். செஞ்சியில் நான் திருட்டுப் பெண்ணாக வளர்ந்திருப்பேன். ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவர் இரண்டையும் எடை போட்டிருக்கிறார். எனக்கோ அன்றைக்கு, ஏன் நைனா பொய் சொன்னார் என்று கோபம்தான் இருந்தது.

கண்ணு, இங்க வந்து உக்காரு. ஆயா எழுதினத சத்தமாப் படி, நான் கேக்குறேன். நடுவுல நான் கண்ணத் தொடச்சா நிறுத்தாத. நீ பாட்டுக்குப் படிச்சிக்கினே இரு.