எழுபத்தைந்து டிகிரியில் வெளுக்காத ஜீன்ஸ்

காலை எட்டு நாற்பது. மெஷினின் கண்ணாடிக் கதவில் முதலில் தெரிந்தது தண்ணீர்தான். அரை மணி நேரம் ஓடியும் வெளிர் நீலத்திலேயே நின்றிருந்தது. அதற்குள் மை மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

அத்திபெலேயில், புது ஜீன்ஸை வெளுத்துத் தரும் வாஷிங் யூனிட் அது. நான் ப்ராசஸ் இன்சார்ஜாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். உள்ளே சுற்றிய நாற்பது பேண்ட்டும் ட்ரையல். பன்னிரண்டரைக்கு ஆர்டர் தரும் பையர் கம்பெனியின் மேடம் வந்து ஷேட், அதாவது வெளுத்த நிறம், பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும்.

ரெசிபியில் என்சைம் வாஷுக்கு ஐம்பத்தைந்து டிகிரி, நாற்பத்தைந்து நிமிடம் என்றிருந்தது. சூடு ஏறினால் வினை வேகமாகும் என்று பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் படித்தவள் நான். சீக்கிரம் முடியட்டும் என்று எழுபத்தைந்து வைத்திருந்தேன்.

ஆபரேட்டர் நயாஸ் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். "அரே, என்ன மேடம், என்சைமை சூப் வெச்சுட்டீங்க!"

மேனேஜர் லோகநாதன் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு? இன்னும் ரெண்டு மக் ஊத்தேன்!"

"இதுல ஊத்தினா அதுவும் சாவும் சார். இருக்கறதே அரை டோஸ். புது கேன் நாளைக்குத்தான்" என்றார் நயாஸ்.

என்சைம் ஒரு புரதம். வெறும் தண்ணீர் பருத்தி இழையை அரிக்க ஆண்டுக்கணக்காகும். என்சைமின் மடிப்பில் இழை பொருந்திவிட்டால் அதே வேலை நிமிடங்களில் நடக்கும். மேல் இழை உதிர, சாயமும் கழன்றுவிடும். ஒன்றை வெட்டிய என்சைம் தீர்ந்துபோகாமல் அடுத்ததற்குப் போகும். சூடு கூடினால் வேகம் கூடுவது உண்மைதான், ஓர் எல்லை வரை. தாண்டினால் மடிப்பே குலைந்துவிடும். வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது.

தண்ணீரை வடித்துப் புதிதாகப் பிடித்தோம். ஐம்பத்தைந்து டிகிரி. ஆசிட் விட்டு, என்சைமுக்குத் தோதான பி.எச். ஐந்துக்குக் கொண்டுவந்து, மிச்ச என்சைமை ஊற்றினோம். என்சைம் பாதி என்றால் வேகமும் ஏறக்குறைய பாதி, நேரம் இரட்டிப்பு. ஒன்பதுக்குப் போட்டால் பத்தரை. அப்புறம் ரின்ஸ், ட்ரையர். இழுபறிதான், ஆனால் முடியும்.

பத்து மணிக்கு லோகநாதன் மறுபடி எட்டிப் பார்த்தார். "சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், சூடு ஏத்தினா என்னம்மா?"

"நீங்க டீ குடிச்சுட்டு வாங்க சார்," என்றார் நயாஸ். "எனக்கும் ஒண்ணு."

பத்தரைக்குத் தண்ணீர் மையாகியிருந்தது. உடனே எண்பதுக்கு ஏற்றினேன். அந்த நேரத்தில் என்சைமைக் கொல்லாவிட்டால் துணியைத் தின்றுகொண்டே இருக்கும், பேண்ட் கிழியும்.

பன்னிரண்டரைக்கு வந்த பையர் மேடம் ஒரு பேண்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், தான் கொண்டுவந்த சாம்பிளோடு சேர்த்துப் பிடித்தார். "தொடையில இன்னும் கொஞ்சம் லைட்டா இருக்கலாம். பரவால்ல, ஓகே." லோகநாதன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அன்று முதல் ரெசிபியில் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுகிறேன். எண் மட்டும் இருந்தால் என்னைப் போல் படித்தவர்கள் மாற்றிவிடுவார்கள்.

மறுநாள் ஏழரைக்கு, அந்த ஆர்டரின் வெளுக்காத ஜீன்ஸோடு முதல் லாரி வந்தது.