ஜாதிச் சங்கும் பட்டிச் சங்கும்

தொம்மை கர்வாலோவுக்கு இடது காது கேட்காது. இருபத்தெட்டு வயதில் சங்கு குளிக்கப் போனபோது ஒன்பது பாக ஆழத்தில், அதாவது ஐம்பதடிக்கும் கீழே, சவ்வு கிழிந்துவிட்டது. அதன்பிறகு தூத்துக்குடி சர்க்கார் சங்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. அவர் இனிக் கடலுக்குப் போகமாட்டார் என்பதில் மனைவி பிளாரன்சுக்கு நிம்மதி. அவருக்கு இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை.

பதினைந்து வருடத்தில் லட்சக்கணக்கான சங்குகள் அவர் கையில் புரண்டன. தூத்துக்குடிக் கடலில் கிடைப்பது நீளவாக்கில் இருக்கும். அது ஜாதிச் சங்கு. ராமேஸ்வரத்துக்கு வடக்கே கிடைப்பது குட்டை. அது பட்டிச் சங்கு.

1944இல் ஒரு வியாபாரியின் தோணியில் நாலு மூட்டைச் சங்கு பிடிபட்டது. தூத்துக்குடிக் கடலில் சங்கெடுக்கும் உரிமை சர்க்காருக்கு மட்டும்தான். வியாபாரியோ, ராமேஸ்வரத்துக்கு வடக்கே தொண்டியில் முறையாக வாங்கிய சரக்கு என்றார். தொம்மையைக் கோர்ட்டில் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"அம்புட்டும் நம்ம கடல் சங்குய்யா" என்றார் தொம்மை.

வியாபாரியின் வக்கீல் எழுந்தார். "சங்கு உயிருள்ள பிராணி. இங்கே பிறந்து தொண்டிவரை ஊர்ந்து போயிருக்கக் கூடாதா?"

தொம்மை வலது காதைக் கொடுத்துக் கேட்டார்.

"மீன் குஞ்சு நீந்திப் போவும். சங்குக் குஞ்சு நீந்தாதுய்யா. முட்டைக் கூட்டை விட்டு இறங்குனா மணல்லதான் ஊரும். பாட்டன் கிடந்த இடத்துலயே பேரனும் கிடப்பான். அதான் கடலுக்குக் கடல் சாடை மாறுது. ஒண்ணு ரெண்டு தடம் தப்பிப் போவலாம். நாலு மூட்டை போவாது."

மாஜிஸ்திரேட்டுக்குச் சந்தேகம் தீரவில்லை. மறு வாய்தாவில் இரண்டு கடல் சங்குகளையும் கலந்து மேசையில் பரப்பினார். தம் வீட்டுப் பூஜைச் சங்கையும் யாருக்கும் சொல்லாமல் நடுவில் வைத்தார். தொம்மை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று மட்டும் கையில் மிஞ்சியது.

"இது ரெண்டுலயும் சேராதுய்யா. கொல்லம் பக்கத்துச் சங்கு."

"ராமேஸ்வரத்தில் வாங்கியது" என்றார் மாஜிஸ்திரேட்.

"அங்கன வித்திருப்பாக. பொறந்தது அங்கன இல்ல."

மாஜிஸ்திரேட் அந்தச் சங்கை எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது மாமனார் கொடுத்த சீர். வியாபாரிக்கு அபராதம் விழுந்தது. சரக்கு கிடங்குக்குப் போனது. அதைப் பிரித்து அடுக்கும் வேலையும் தொம்மைக்கே வந்தது.

மூன்று வருடம் கழித்து, எந்தெந்தப் பிராணி எங்கெங்கே வாழ்கிறது என்று படம் வரைய மெட்ராசிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். தொம்மையைத் தோணியில் ஏற்றி ராமேஸ்வரம்வரை கூட்டிப்போனார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அவர் கடலில் இருந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவுமில்லை. ஆபீசர் அதைக் கடல்நோய் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆபீசர் படத்தை விரித்து, இரண்டு சங்குக்கும் நடுவே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "சரியா?"

"அங்கன ரெண்டும் கலந்து கிடக்கும்யா."

"அப்படியானால் கோட்டை எவ்வளவு தடிமனாகப் போடலாம்?"

தொம்மை பென்சிலை வாங்கிப் படுக்கவைத்து, கோடு மறைகிற அளவுக்கு இரண்டு பக்கமும் அகலமாகத் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.