தலைமேல் வைத்த கை

வாசலில் ஒரு சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிகிறாள். உள்ளே நிற்கும் சிஸ்டர் அவள் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து எடுக்கிறார். அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. ஐந்தாவதாக என் மகள். ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் எங்கள் டாலாவில், வகுப்பு நடக்கும் ஒரு தகரக் கொட்டகையின் ஜன்னல் வழியாக நான் பார்த்தது அவ்வளவுதான். ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே அடுத்தவர் தலையைத் தொடுவது மரியாதைக் கேடு. அப்படியிருக்க, கழுத்தில் சிலுவை போட்டவர் தொடுகிறார், பிள்ளைகளும் தலையைக் காட்டுகிறார்கள் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. மதம் மாற்றுகிறார்கள்!

சிஸ்டர் வேற்று மனுஷி அல்ல. ரங்கூனிலேயே, வடக்கே இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு தமிழரின் மகள். மிஷன் அவரைக் கென்யாவுக்கு அனுப்பியிருந்தது. மாடு மேய்க்கும் மாசாய் மக்களிடையே பன்னிரண்டு வருஷம் இருந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். விதவைகளுக்கு ஆடு வாங்கிக் கொடுத்து, அவர்கள் கோத்த பாசிமணி மாலைகளை நகரத்தில் விற்றுக் கொடுத்திருக்கிறார். உடம்பு கெட்டுத் திரும்பியவர் சும்மா இருக்காமல் டாலாவிலும் அதையே ஆரம்பித்தார். காலையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும், மத்தியானம் பெண்களுக்குப் பாசிமணி வேலை. பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்காத நாட்கள் அவை.

யாராவது எதையாவது இலவசமாகக் கொடுத்தால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் புத்தி எனக்கு. ஆனால் என் மனைவி சிஸ்டரிடம் பாசிமணி கோத்துச் சம்பாதித்தபோது அந்தப் புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை! மகள் தலையில் கை பட்டதும்தான் விழித்துக்கொண்டது. அன்றே அவளை வகுப்பிலிருந்து நிறுத்தினேன். பத்தாவது பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. கணக்கு அவளுக்கு எட்டிக்காய். சிஸ்டர் சொல்லிக் கொடுத்தால்தான் கொஞ்சமாவது ஏறும்.

இரண்டு நாள் கழித்து சிஸ்டரே சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார்.

“தம்பி, மாசாய்ப் புள்ளைங்க பெரியவங்களப் பாத்தா தலையக் குனிஞ்சு நிக்கும். நாம தொட்டாத்தான் வணக்கம். தொடாட்டி அதுங்க மொகம் வாடிப்போவும். பன்னெண்டு வருசம் பழகின கை, இங்கயும் அப்படியே செஞ்சுட்டேன். புள்ளைங்களும் வெளையாட்டாப் புடிச்சுக்கிச்சு. தப்பு எம்மேலதான்.”

“ஆப்பிரிக்கா கதையெல்லாம் அங்கயே வெச்சுக்கோங்க, சயாமா. எங்க தலைக்கு எங்க சாமி போதும்.” இங்கே ஆசிரியையை சயாமா என்றுதான் அழைப்போம். கோபத்திலும் அந்த மரியாதையை நான் விடவில்லை. என் யோக்கியதை அந்த மட்டில்.

“இனிமே தொடல தம்பி. கையப் பின்னால கட்டிக்கிட்டே நிக்கிறேன். புள்ளைய மட்டும் அனுப்புங்க. இன்னும் மூணு மாசம் உக்காந்தா தேறிடுவா.”

நான் அனுப்பவில்லை.

மகள் கணக்கில் மட்டும் தவறினாள். தையல் தொழிற்சாலைக்குப் போய்ச் சட்டைக்குக் காலர் தைக்கத் தொடங்கினாள். அந்த வகுப்பில் படித்தவர்களில் ஒருவராவது மதம் மாறியதாகத் தெரியவில்லை. நம்பி விட்டுவிடவில்லை, வீடு வீடாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிஸ்டர் மனதில் அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. மகளுக்கு நான் செய்தது அநியாயம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

போன மாதம் அக்கரையில், நகரத்துக் கியாக்டடாவில் வேலை முடிந்து டாலா படகில் வரும்போது பக்கத்து வீட்டு அக்கா, “ஒங்க மக பத்தாவது பாஸாயிட்டாளாமே, சந்தோசம்!” என்றார். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

வீட்டில் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன். ஒரு வருஷமாக லீவு நாளெல்லாம் ரயிலேறி இன்சீனுக்குப் போயிருக்கிறாள். சிஸ்டர் இப்போது அங்கேதான், அதிகம் நடமாட முடியாமல் இருக்கிறாராம். படுக்கையில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் மனைவிக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பீங்களாப்பா?”

விட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், “விட்டிருக்க மாட்டேம்மா” என்றுதான் வந்தது.