ஆடியில் ஏறப்போன மலை

இமயமலையில் உயரமான ஒரு கணவாயை நடந்து கடக்க எந்த மாதம் சரி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் பாதி வரை. மழை ஓய்ந்திருக்கும், புதுப் பனி விழுந்திருக்காது, வானம் துடைத்த மாதிரி இருக்கும். உத்தராகண்டில் ஒரு கணவாயைப் பற்றிப் போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் தேதிவாரியாக ஒப்பிட்டு வருடக்கணக்கில் படித்திருக்கிறேன். முழங்கால் தேய ஆரம்பித்துவிட்டது, போவதென்றால் இந்த வருடமே போய்விடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

தனியாக அனுப்ப மாட்டேன் என்பது என் மனைவியின் ஒரே நிபந்தனை. துணைக்குக் கிடைத்தவன் அவள் தம்பி. கோயிலுக்குப் பின்தெருவில் லாட்ஜ் நடத்துகிறான். அவனுக்கு நாள்காட்டியில் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் மட்டும்தான் கண்ணில் படும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களால் அறைகள் நிரம்பும், ஊரை விட்டு நகர மாட்டான். தீபத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். அதனால் என் செப்டம்பரும் அக்டோபரும் போயிற்று.

"ஆடியில போலாம் மாமா. கல்யாணம் இல்ல, கூட்டம் கம்மி."

ஆடியில் அங்கே பேய்மழை, சாலையே சரிந்து போகும் என்றேன். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். நம் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும், எப்போதாவது சாயங்காலம் ஒரு மழை.

"ஆடியில எங்க மாமா அடைமழை? ஐப்பசியிலதான் அது. அடைமழையில எவனாவது மலை ஏறுவானா?"

வடக்கே மழைக்காலம் வேறு என்று வரைபடம் வைத்து விளக்கினேன். உங்களுக்குப் படிப்பு ஜாஸ்தி என்றான். மறுவாரம் ஆடிப் பௌர்ணமிக்கு அடுத்த நாளுக்கு டெல்லி ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. மறுத்தால் துணை இல்லை, துணை இல்லாவிட்டால் பயணமும் இல்லை. வேங்கிக்காலில் என் அலுவலகத்தில் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மலையடிவாரக் கிராமத்தைத் தாண்டவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த இரவே மேலேயும் கீழேயும் சாலை சரிந்துவிட்டது. வழிகாட்டி இந்தியில் பொறுமையாகச் சொன்னார், இந்த மாதத்தில் யாரும் வருவதில்லை, செப்டம்பர் கடைசியில் வாருங்கள் என்று. அதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மச்சான் கம்பளிக்குள் சுருண்டு லாட்ஜுக்கு போன் போட்டுக் கொண்டிருந்தான். ஜன்னலில் மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மழை விட்டபாடில்லை. கொஞ்சம் சாலை திறந்ததும் இறங்கினோம்.

ஊர் திரும்பிய அவன், அங்கே குளிர் எப்படி, மழை எப்படி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். மலை ஏறவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் அந்தக் கிராமத்தின் வானிலையைக் கைபேசியில் பார்த்தேன். வாரம் முழுக்க வெயில். லாட்ஜில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, ஒருமுறை தனியாகப் போய்வருகிறேன் என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அதான் இந்த வருஷம் போயிட்டு வந்துட்டீங்களே."