நுனி மாறிய நான்காம் ஜோடி

படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்கிறார் விண்டார்த்தி. நாற்பத்தாறு குரோமோசோம்களையும் எண்ணி, ஜோடி சேர்த்து, வரிவரியாக ஒப்பிட்டு முடித்த பிறகுதான் இந்தக் கூத்து. நேராக வைத்தால் கண் தனக்குப் பழகியதையே பார்க்குமாம். தலைகீழாக இருந்தால் ஏமாறாதாம். பக்கத்து மேசை லிஸ்தியானாவுக்கு இது தீராத வேடிக்கை.

"அக்கா, அது என்ன வௌவாலா தலைகீழாத் தொங்க? கம்ப்யூட்டரே ஜோடி சேர்த்துக் குடுத்துருச்சே."

"கம்ப்யூட்டரா கையெழுத்துப் போடுது? நான்தானேடி போடுறேன்."

செமாராங் நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், இருபத்தொன்பது வருடமாக இதே வேலை. ஜன்னல் கொக்கியில் பிளாஸ்டிக் பையில் இனிப்புத் தேநீர் தொங்கும். பிஸ்மில்லா சொல்லாமல் நுண்ணோக்கியில் கண் வைக்க மாட்டார். கண்ணாடித் தகட்டில் குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தால் திட்டும் விழும். "ஏன்டா இப்படிக் குமிஞ்சு கெடக்கீங்க? கொஞ்சம் தள்ளிப் படுங்களேன், சனியனுங்களா!" படங்களைக் கத்தரித்து ஒட்டிய காலம் போய்ப் பல வருடமாகியும் வெள்ளைக் கோட்டுப் பையில் அந்தச் சின்னக் கத்தரிக்கோல் இருக்கிறது. நகம் வெட்ட உதவுகிறது.

தலைகீழாகப் பார்க்கும் பழக்கம் மட்டும் மூன்று வருடமாகத்தான். காரணம் லிஸ்தியானாவுக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மனிதர் இளம் மனைவியோடு வந்தார். இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. அவருடைய ரத்தத்தில், நான்காம் குரோமோசோமின் நுனியும் இருபதாவதின் நுனியும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதை விண்டார்த்தி கண்டுபிடித்தார். சாமர்த்தியம்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டு பெயரைப் பதியப் போனால், அதே பெயர் அதற்கும் எட்டு வருடம் முந்தைய கோப்பிலும் இருந்தது. அப்போது வேறு மனைவி. அவளுக்கு மூன்று கர்ப்பம் கலைந்திருந்தது. கணவன் மனைவி இருவர் முடிவையும் ஒரே தாளில் எழுதுவது அங்கே வழக்கம். 'கணவர்: இயல்பு. மனைவி: இயல்பு.' கீழே விண்டார்த்தியின் கையெழுத்து. பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். நுனி மாறித்தான் இருந்தது. அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

ஆணுக்கு இயல்பு என்று தாளே சொல்லிவிட்டது. பிறகு பழி யார் தலையில் விழும்? அந்தப் பெண்ணை அவள் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

விண்டார்த்தி புதிய தாளைச் சரியாக எழுதினார். பழைய கோப்பை இருந்த இடத்திலேயே செருகினார். அந்த மனுஷனே முதல் மனைவியிடம் சொல்லியிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். விசாரித்ததில், ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தாஹு கிம்பால் என்ற சோயாக்கட்டித் தீனி விற்கும் துமினிதான் அவள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அங்கேதான். சுவரைப் பார்த்து உட்காருவார். கேட்காமலே இரண்டு மிளகாய் அரைகல்லில் விழும், வேர்க்கடலையோடு நசுங்கும், பொரித்த தாஹுவும் இறால் வடையும் மேலே வந்து உட்காரும். தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சாது. ஆனால் ருசித்துச் சாப்பிட்டதாக அவருக்கு ஒரு நாளும் நினைவில்லை. இதைவிடக் கேவலமான பிராயச்சித்தம் உண்டா என்று கை கழுவும்போது தோன்றும். மறுநாளும் போவார்.

போன மாதம் ஆம்புலன்ஸ் ஓட்டும் சுகெங், மனைவியை இழந்தவர், துமினியிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு கேட்டா, இன்னொரு வடை வைக்கவான்னு கேக்குறியே, துமினி?"

"வடையோட நிறுத்திக்கோங்கண்ணே. என் வயிறு வெளங்காத வயிறு. ஒருத்தர் வீட்டைக் கெடுத்தது போதும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த விண்டார்த்திக்கு எல்லாம் கேட்டது. முதல் தடவையாகத் தட்டில் மிச்சம் வைத்து எழுந்தார்.

பழைய தாளைத் திருத்த வேண்டும் என்றதும் தலைமை மருத்துவர் ஹர்யோனோ கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷம் ஆச்சு. யாரும் கேக்கலையேம்மா. ஓய்வு பெறப்போற நேரத்துல எதுக்கு உங்களுக்கு இந்தத் தலைவலி?"

"அந்தத் தாள்ல அவ பேரும் இருக்கு டாக்டர். திருத்தினா ரெண்டு பேருக்கும் அனுப்பியாகணும்."

திருத்திய தாளில் துமினிக்கான பிரதியைத் தபாலில் போடாமல் விண்டார்த்தியே கையில் எடுத்துக்கொண்டு போனார். துமினிக்குத் தாள் விளங்கவில்லை. அவளுடைய கத்தியை வாங்கி, ஒரு வெள்ளரிக்காயின் நுனியையும் ஒரு கேரட்டின் நுனியையும் நறுக்கி, மாற்றி வைத்துக் காட்டினார் விண்டார்த்தி. "பாரு, எதுவும் தொலையல. எடந்தான் மாறியிருக்கு. அதனால அவருக்கு ஒரு சீக்கும் இல்ல. புள்ளைக்குப் போறப்பதான் ஒரு துண்டு கூடிப்போகும், இன்னொண்ணு கொறஞ்சுபோகும். அப்பத் தங்காது. உன் வயித்துல ஒரு கொறையும் இல்லம்மா. நாந்தான் அன்னைக்குச் சரியாப் பாக்கல."

துமினி வெள்ளரித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணையும் பொதைச்ச எடத்துல மண்ணைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்க்கா. என் வயிறு சரியில்ல, மன்னிச்சுக்கோங்கன்னு." பிறகு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வழி இருந்தது. "மூணு வருஷமா."

"தெனமும் வந்து சாப்பிட்டீங்களே."

விண்டார்த்தி கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் இரண்டு நர்சுகள் வந்து நின்றார்கள். துமினி தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு அரைகல்லை இழுத்தாள். புதிதாக வருகிற ஆட்களிடம் கேட்கும் குரலில், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை மிளகாய்?"

விண்டார்த்தி சுவர்ப்பக்கம் போகவில்லை. அவள் எதிரிலேயே நின்று, இரண்டு விரலைக் காட்டினார்.